கம்பளிப் பனைக்கு ஏ.சி. ரூம்

போன வாரம் கொடைக்கானலிலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் கூப்பிட்டாள். எங்கள் அரியலூர்ப் பக்கத்து வரதராஜன்பேட்டைக்காரி. நான் வேலை பார்த்து ரிட்டயர் ஆன சிமெண்ட் கம்பெனிக்கு மலையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் உண்டு. அதன் தோட்டத்தை இப்போது ஒரு கான்ட்ராக்டர் எடுத்துச் செய்கிறார். அவரிடம் சூப்பர்வைசராக இருக்கிறாள் இவள். நேரில் பார்த்ததில்லை. என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, புதுசா வச்ச பனங்கன்னுல குருத்தைச் சும்மா தொட்டுப் பாத்தேன்க்கா. கையோட வந்துடுச்சு," என்றாள். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. "சேர்மன் வூட்ல அடுத்த மாசம் வர்றாங்களாம். இது செத்துச்சுன்னா என்னைத் தூக்கிடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழப்போகிற பிள்ளையிடம் சிரிக்கலாமா? கூடாதுதான். ஆனால் அதே தோட்டத்தில் அதே பயத்தோடு நானும் ஒரு காலத்தில் நின்றவள். கன்றைப் பிடுங்கிப் போட்டுவிடாதே, கையில் வந்த குருத்தின் அடியை மோந்து பார், மத்தியானம் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். மத்தியானம் நான் அவளுக்குச் சொன்ன யோசனை கொஞ்சம் கோணலானது. அது ஏன் கோணலானது என்று தெரிய வேண்டுமானால் என் கதையைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என் பெயர் தையல்நாயகி. பிறந்தது குரும்பலூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது அரியலூர்ப் பக்கம். எங்கள் மாமனார் வீட்டு நிலம் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போனபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். சொன்னபடி வேலை கொடுத்தார்கள். பர்மனென்ட் வேலை என்று எப்போது சொன்னோம் என்று அப்புறம் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதற்கு முன்னாலேயே டிப்பர் லாரியில் டிரைவராக ஏறிவிட்டதால் அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. களை பிடுங்கினேன், பாத்தி கட்டினேன், வேலிச்செடி வெட்டினேன். பத்தாவது வரை படித்தவள், மருந்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படிப்பாள் என்று நர்சரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவ்வளவுதான் என் பயிற்சி.

நர்சரியில் எங்களுக்கு மேலே தோட்ட ஆபீசர் ஞானசிகாமணி சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்திருப்பார். இலை இடுக்கில் மாவுப்பூச்சி கண்ணில் பட்டால், பேசிக்கொண்டிருக்கிற பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, குனிந்து தேய்க்க ஆரம்பித்துவிடுவார். மேனேஜரிடம் பேசும்போதும் அப்படித்தான். மேனேஜர் பாவம், சாரின் முதுகோடு பேசிக்கொண்டிருப்பார்.

இன்னொரு வழக்கம். எங்களையெல்லாம் "வா, போ" என்பார். செடிகளை மட்டும் அவர் மரியாதை குறைத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. "இவங்க தண்ணி குடிச்சாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். நான் வேலைக்கு வந்த புதிதில், நம்மைத்தான் இத்தனை அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து, "குடிச்சுட்டேங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வாடி நின்ற குரோட்டன் செடியிடம் போய் நலம் விசாரித்தார்.

அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. இலையில் தூசியோடு எந்தச் செடியும் தூங்கக் கூடாது. சிமெண்ட் ஆலைத் தோட்டம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: காலையில் பச்சையாக இருக்கிற செடி சாயங்காலம் திருநீறு பூசிக்கொண்டு நிற்கும். அதனால் வேலை முடிகிற நேரத்தில் ஹோஸ் பிடித்து எல்லாச் செடிக்கும் உச்சியிலிருந்து தலைமுழுக்கு. அதைச் செய்யாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எங்கள் ஊர் வெக்கையில் செடிக்கும் அது சுகம், எங்களுக்கும் சுகம். பாதித் தண்ணீர் எங்கள் மேல்தான் விழும்.

இப்படி இருக்கும்போது சேர்மன் வீட்டம்மா வெளிநாடு போய்விட்டு வந்தார்கள். அங்கே பனி கொட்டுகிற ஊரில் ஒரு வீட்டு வாசலில் பனைமரம் நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். விசிறி மாதிரி ஓலை, உடம்பு முழுக்கப் பழுப்பு நார். பனி கொட்டினாலும் அசராத ஜாதியாம். அதே மாதிரி நம் கொடைக்கானல் கெஸ்ட் ஹவுஸிலும் வரிசையாக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். பெரிய இடத்து ஆசை அல்லவா, விதை பார்சலில் அரியலூருக்கு வந்து சேர்ந்தது. சார் அதன் படத்தை எங்களுக்குக் காட்டினார். உடம்பைப் பார்த்தால் யாரோ கம்பளி சுற்றிவிட்ட மாதிரி இருந்தது. நாங்கள் அன்றைக்கே கம்பளிப் பனை என்று பெயர் வைத்துவிட்டோம். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது, அதை சார் மட்டும்தான் சொல்வார்.

"இவங்க மலையில ஒரு குளிர்காலம் தாண்டி நின்னுட்டாங்கன்னா, உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் எழுதறேன்," என்றார் என்னிடம். எழுதுகிறேன் என்றுதான் சொன்னார், செய்கிறேன் என்று சொல்லவில்லை. இருந்தாலும் அதுவரை அதைக்கூட யாரும் சொன்னதில்லை.

பர்மனென்ட் என்றால் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம், கேன்டீனில் தட்டில் சாப்பிடலாம். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. கம்பெனி ஆஸ்பத்திரி அட்டை குடும்பத்துக்கே கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு டிப்பர் ஓட்டி ஓட்டித் தூசி நெஞ்சில் இறங்கி, இளைப்பு வந்துவிட்டது. பனிக்காலத்தில் உட்கார்ந்தபடிதான் தூங்குவார். ஒவ்வொரு தடவை அவர் மூச்சு இழுக்கும்போதும் எனக்கு அந்த அட்டை ஞாபகம்தான் வரும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பனைகளை நான் பிள்ளை மாதிரி வளர்க்கவில்லை. அட்டை மாதிரி வளர்த்தேன்.

விதையை ஊறவைத்து, மேல்தோலைத் தேய்த்தெடுத்து, மணலில் புதைத்தோம். முளைத்து வந்தது புல் மாதிரி ஒற்றை இலை. விசிறி விரிய வருஷக்கணக்கில் ஆகும் என்றார் சார். எங்கள் மண் சுண்ணாம்பு, தண்ணீரும் சுண்ணாம்பு. நாலு தடவை ஊற்றினால் இலை மஞ்சள் பாய்ந்துவிடுகிறது. நான் பிறந்த குரும்பலூர்ப் பக்கத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து போட்டோம். தண்ணீருக்கு என்ன செய்வது? அதைவிட, கோடை வந்தால் என்ன செய்வது? பனிக்கு அசராத பனை அரியலூர் வெயிலில் ஒரே மத்தியானத்தில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

சார் ஆலை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, கன்ட்ரோல் ரூம் என்றார். சூளையை ஓட்டுகிற கம்ப்யூட்டர்கள் இருக்கிற அறை. அங்கே மட்டும்தான் ஓயாமல் ஏ.சி. ஓடும். அந்த ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் சுண்ணாம்பே கிடையாது. இரண்டுக்கும் ஒரே இடத்தில் தீர்வு. மேனேஜரிடம் சேர்மன் வீட்டம்மா பெயரைச் சொல்லி அனுமதியும் வாங்கிவிட்டார்.

அனுமதி பனைக்குத்தான், எனக்கில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் கன்ட்ரோல் ரூமுக்குள் போகக் கூடாது. அதனால் தினமும் இளவெயில் காட்டிவிட்டு, தள்ளுவண்டியில் கன்றுகளை வாசல்வரை கொண்டுபோவேன். உள்ளேயிருந்து இன்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஒவ்வொரு தொட்டியாக இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போவார். கதவு திறந்து மூடுகிற அந்த நேரத்துக்கு என் முகத்தில் குளிர்காற்று அடிக்கும். வேண்டுமென்றே ஒவ்வொரு தொட்டியாகத்தான் கொடுப்பேன். இரண்டு இரண்டாகக் கொடுக்கச் சொல்லி அவர் கெஞ்சுவார். செடிக்கு ஆகாதுங்க சார் என்பேன்.

இந்தக் கூத்தைப் பார்த்தவன் பேக்கிங் பிளான்ட் சிங்காரம். பேக்கிங் என்றால் சூடு ஆறாத சிமெண்டை மூட்டையில் பிடித்து லாரியில் ஏற்றுகிற இடம். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வறையில் ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சுற்றும். சிங்காரம் அங்கே யூனியன் தலைவர். ஒரு நாள் என் தள்ளுவண்டியை நிறுத்தி, இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டான். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "ஏ.சி. ரூமுக்குங்கண்ணே. வெயில் ஒத்துக்கலையாம் இவங்களுக்கு," என்று சாரின் குரலிலேயே சொன்னேன். சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஆலை வாசலில் தட்டி தொங்கியது. பனைக்கு ஏ.சி., பாட்டாளிக்கு வெக்கையா என்று எழுதி, பக்கத்தில் குளிரில் போர்த்திக்கொண்டு நிற்கிற பனைமரத்தின் படமும் போட்டிருந்தார்கள்.  பேக்கிங் ஓய்வறைக்குப் பெரிய ஏர்கூலர் வந்தது. பனை பேரைச் சொல்லிக் காற்று வாங்கினோம் என்று சிங்காரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

கன்றுகள் விசிறி விரித்தன. மலைக்கு அனுப்பும் முன்னால், கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் அந்தோணியைத் தோட்ட வேலை கற்றுக்கொள்ள அரியலூருக்கு வரவழைத்தார் சார். அந்தோணி கொடைக்கானல் மலைக்காரர். எங்கள் ஊர் வெயிலில் அவர் பட்ட பாடு அந்தப் பனை பட்ட பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். நாங்கள் செய்வதை எல்லாம் கூடவே நின்று செய்தார். பிறகு லாரியில் கன்றுகளோடு மலைக்குப் போனோம். தண்ணீர் தேங்காமல் மேடு கட்டி, வேர்க்கழுத்து மண்ணுக்குள் போகாமல், பாதையின் ஓரமாக வரிசையாக நட்டோம். சார் ஒவ்வொரு கன்றிடமும் தனியாக நின்று போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். என்னிடம், "ஏறு வண்டில," என்றார்.

குளிர்காலம் வந்தது. பொங்கல் கழிந்த கையோடு அந்தோணி ஆபீசுக்குப் போன் செய்தார். ஒரு பனையில் குருத்து சாய்ந்திருக்கிறது. சேர்மன் குடும்பத்தோடு அந்த வாரக் கடைசியில் மலைக்கு வருகிறார் என்று அதற்குள் செய்தி வந்திருந்தது. நானும் சாரும் கம்பெனி ஜீப்பில் ஏறினோம். எங்கள் வீட்டுக்காரர், "பனமரத்துக்குச் சளின்னு சொன்னா உடனே வண்டி அனுப்புறானுங்க," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

குருத்தைப் பார்ப்பதற்கு சார் ஒரு முறை வைத்திருந்தார். பனைக்கு உயிர் ஒரே இடத்தில்தான், நடுக்குருத்தில். கிளை கிடையாது, பக்கத்தில் தளிர்க்காது, குருத்து போனால் ஆளே போனமாதிரி. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்துக் குருத்தைப் பிடிக்க வேண்டும். பிள்ளைக்கு ஆடுகிற பல்லைத் தொட்டுப் பார்க்கிற அளவுக்குத்தான் பலம். கெட்டியாக நின்றால் சுகம். வழுக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே அழுகல்.

சார் அப்படித் தொட்டார். குருத்து அவர் கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாகக் கொழகொழத்து, புளித்த மாவு நாற்றம் அடித்தது. சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு கன்றைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க," என்றார். அடுத்த இரண்டு கன்றுகளிலும் குருத்து லேசாக ஆடியது. எனக்கு ஆஸ்பத்திரி அட்டை அங்கேயே வரிசையாக அழுகிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

பனிக்குத் தாங்குகிற ஜாதி ஏன் அழுக வேண்டும்? மண்ணைக் கிளறினோம், வேர் நன்றாக இருந்தது. பூச்சி இல்லை. சார் பிரஷை எடுத்துக்கொண்டு இலை இலையாகத் தேடிக்கொண்டிருந்தார். நான் அந்தோணியிடம், கன்றுகள் காலையில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். குருத்துக்குள் கண்ணாடி மாதிரி ஐஸ் நிற்கும் என்றார். குருத்துக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது? மழை நின்று நாளாகிவிட்டது.

"சாயங்காலம் கழுவுறோம் இல்லீங்களா," என்றார் அந்தோணி.

"எதைக் கழுவுறீங்க?"

"தூசியைங்கம்மா. சிமெண்ட் தூசி. ஒரு நாள்கூட விடலைங்க, உச்சியிலேருந்து ஹோஸ் புடிச்சு நல்லாக் கழுவிட்டுத்தான் வூட்டுக்குப் போறேன். தூசியோட தூங்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காருல்ல?"

கொடைக்கானலில், யூகலிப்டஸ் காற்றில், பளபளவென்று இருக்கிற தோட்டத்தில், அந்த மனிதர் குளிரில் விறைத்துக்கொண்டு தினமும் அரியலூர் சிமெண்ட் தூசியைக் கழுவியிருக்கிறார். அந்தத் தண்ணீர் குருத்துக்குள் இறங்கி, விடியற்காலையில் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, குருத்தை அழுகவைத்துவிட்டது. நான் சாரைப் பார்த்தேன். சார் பிரஷைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அந்தோணியை ஒரு வார்த்தை திட்டவில்லை. எப்படித் திட்டுவார்? அவர் போட்ட சட்டத்தை அவரைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே ஆள் அந்தோணிதான்.

வைத்தியம் ஆரம்பித்தது. மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவுகிற ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கிவந்தோம். அழுகலைக் கத்தியால் கெட்டிச் சதை வரும்வரை வழித்தெடுத்து, குருத்துக் குழிக்குள் அதை ஊற்றினோம். புசுபுசுவென்று நுரைத்தது. நுரை அடங்கியதும் துணித்திரியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி ஊற்றினோம். நுரை வருவது நிற்கும்வரை அப்படியே. அப்புறம் தாமிரப் பூஞ்சண மருந்தைக் கூழாகக் கரைத்துப் பூசினோம். கடைசியாக, புதுக்குருத்தின் நுனி தெரிகிற இடத்தில், பக்கத்து மட்டையையும் சேர்த்து நகப்பாலீஷால் ஒரு கோடு போட்டேன். கோடு விலகினால் குருத்து வளர்கிறது என்று அர்த்தம். பாலீஷ் அந்தோணி மனைவியுடையது. சிவப்பு.

இனி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. பனியும் இறங்கக் கூடாது, காற்று மட்டும் போக வேண்டும். அதற்கு சிமெண்ட் மூட்டையைவிட நல்ல சாமான் இல்லை. பக்கத்தில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் காலி மூட்டை கேட்டு வாங்கி, உதறி, கழுவி, காயவைத்து, ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று குச்சி ஊன்றி அதன் மேல் குல்லா மாதிரி கவிழ்த்துக் கட்டினேன். வரிசையாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சார் வந்து பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"என்ன காரியம் பண்ணியிருக்க? எழுத்தைப் பாரு."

பார்த்தேன். சிவப்பு எழுத்தில் எங்கள் போட்டிக் கம்பெனியின் பெயர். எங்கள் சேர்மன் எதிரில் யாரும் வாயால்கூடச் சொல்லாத பெயர். அது அவருடைய சொந்த கெஸ்ட் ஹவுஸின் வாசல் முழுக்க வரிசையாக நின்றுகொண்டிருந்தது. மறுநாள் காலையில் சேர்மன் வருகிறார். எல்லாவற்றையும் அவிழ்த்துப்போடச் சொன்னார் சார். அவிழ்த்தால் அன்றைய பனி மிச்சக் குருத்தையும் கொன்றுவிடும் என்றேன். எங்கள் கம்பெனி மூட்டை தேடிப் பார்க்கலாம் என்றார். மேஸ்திரியைக் கேட்டேன். அந்த மூட்டையை இந்தப் பக்கம் பார்த்ததே இல்லையே என்று சொல்லிவிட்டார்.

நான் வேறு என்ன செய்வது? ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மறுபடி கட்டினேன். வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. சார் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, எழுத்து தெரியவில்லை என்று மூச்சு விட்டார்.

மறுநாள் சேர்மன், வீட்டம்மா, கூடவே சேல்ஸ் பெரிய ஆபீசர், இன்னும் சிலர் வந்தார்கள். வீட்டம்மா வெள்ளைக் குல்லாக்களைப் பார்த்து இது என்னவென்று கேட்டார்கள். குளிர் ஊரில் குழந்தைக்குக் குல்லா போட மாட்டோமா, அதுதாங்கம்மா என்றேன். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் எல்லோரும் டீ குடிக்கப் போயிருப்பார்கள். சேர்மன் மட்டும் நகரவில்லை. உள்ளே பனை எப்படி இருக்கிறது என்று பார்க்க, குனிந்து ஒரு குல்லாவைத் தூக்கினார்.

உள்ளே பனை நன்றாக இருந்தது. பனையைச் சுற்றிச் சிவப்பு எழுத்தும் நன்றாக இருந்தது.

"இது நம்ம மூட்டை இல்லையே," என்றார் சேர்மன்.

 சார் பிரஷை எடுத்துக்கொண்டு பக்கத்துச் செடியை நோக்கி நகர்ந்தார். போச்சு, பஸ்ஸும் போச்சு, அட்டையும் போச்சு என்று நினைத்தேன். போனதுதான் போகிறது, வாயைத் திறந்தாவது பார்ப்போம் என்று தோன்றியது.

"நம்ம மூட்டை இந்த மலையிலயே கிடைக்கலீங்கய்யா. கடைத்தெரு பூரா கேட்டுப் பாத்துட்டேன். எல்லாக் கடையிலயும் இவங்க மூட்டைதான். நம்மளுது ஏன் இல்லைன்னு கேட்டா, யாரும் கொண்டாந்து குடுக்கலைங்கறாங்க."

கடைத்தெரு பூரா என்பது கொஞ்சம் அதிகம். நான் கேட்டது ஒரே ஒரு மேஸ்திரியை. கொண்டாந்து கொடுக்கவில்லை என்பதையும் நானாகத்தான் சேர்த்தேன். ஆனால் பேச்சு என்று எடுத்துவிட்டால் முழுசாகப் பேசிவிட வேண்டும், பாதியில் நிறுத்தினால் மாட்டிக்கொள்வோம்.

சேர்மன் குல்லாவை மெதுவாகக் கீழே விட்டார். சேல்ஸ் ஆபீசர் பக்கம் திரும்பினார்.

"இது எனக்கு ஏன் தெரியாது?"

சேல்ஸ் ஆபீசர் என்ன பதில் சொன்னார் என்று கேட்க முடியவில்லை. அவரை நடத்திக்கொண்டே பாதையின் கடைசிவரைக்கும் போய்விட்டார் சேர்மன். திரும்பி வந்தபோது அந்த ஆபீசருக்குக் கொடைக்கானல் குளிரிலும் வேர்த்திருந்தது. நான் யார் என்று சேர்மன் விசாரித்தார். சார் அப்போதுதான் செடியிலிருந்து நிமிர்ந்தார். "நிலம் குடுத்த வூட்டுப் பொண்ணு சார். பனையை வளத்தது இதுதான். இன்னும் கான்ட்ராக்ட்லதான் இருக்கு," என்றார். பனைகள் 'இவங்க', நான் 'இது'. இருந்தாலும் அந்த மனிதர் ஒரு ஆளுக்காகப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. குளிர் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

நகப்பாலீஷ் கோடு மெதுவாக விலகியது. குருத்து கையோடு வந்த கன்றுகூட, கோடையில் முறுக்கிக்கொண்ட பாதி இலை ஒன்றை வெளியே விட்டது. பார்க்கச் சகிக்காத இலை. அதைவிட அழகான இலையை நான் பார்த்ததில்லை. அதற்குள் மலையில் எங்கள் கம்பெனிக்கு டெப்போ திறந்துவிட்டார்கள்.

என்னைப் பர்மனென்ட் செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவும் வந்தது. ஆனால் தோட்டத்தில் பர்மனென்ட் இடமே கிடையாது. காலி இடம் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் பேக்கிங்கில். காலி மூட்டையை ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. அந்த இடத்தில் வெளியாளை உட்கார்த்த யூனியன் சம்மதிக்க வேண்டும். சிங்காரம் என்ன சொல்வானோ என்று பயந்துகொண்டே போனேன். அவன் ஏர்கூலருக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏ.சி. பனைக்காரம்மாவா? தாராளமா வரட்டும்," என்றான்.

அப்படித்தான் நான் மூட்டை சோதிப்பவள் ஆனேன். ஆர்டரில் மட்டும்தான். ஆர்டரை வாங்கிய மறுநாளே சார் என்னை நர்சரிக்கு இழுத்துக்கொண்டார். ரிட்டயர் ஆகிறவரைக்கும் நான் ஒரு மூட்டையைக்கூடச் சோதித்ததில்லை. சம்பளம் பேக்கிங் கணக்கில், வேலை பனைக்கணக்கில். எங்கள் வீட்டுக்காரர் கம்பெனி ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கி, இளைப்பில்லாமல் படுத்துத் தூங்கினார். அந்தக் குறட்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் எத்தனை நாள் முழித்துக் கிடந்தேன் தெரியுமா? எனக்கு அதைவிட வேறு சந்தோஷம் வேண்டியிருக்கவில்லை. இப்போதும் குறட்டை விடுகிறார். இப்போது எழுப்பிவிடுகிறேன்.

சரி, ஸ்டெல்லாவுக்கு வருவோம். மத்தியானம் அவளைக் கூப்பிட்டு, சாயங்காலம் தோட்டத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஹோஸ் புடிச்சு எல்லாச் செடியையும் கழுவுவோம்க்கா. தூசியோட தூங்கக் கூடாதாம், இங்க அப்படி ஒரு ரூல்."

"யாரு போட்ட ரூலு?"

"தெரியலக்கா. அந்தோணி தாத்தா காலத்துலேருந்தே இருக்காம்."

அந்தோணியிடம் கழுவ வேண்டாம் என்று சார் அன்றைக்குப் பத்துத் தடவை சொல்லியிருந்தார். ஆனால் நாளாக ஆக அந்தோணிக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அப்படியானால் பழைய பனைகள் எப்படிப் பிழைத்தன என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் ஹோஸ் தண்ணி எட்டாதுக்கா. கூரைக்கு மேல நிக்குது."

ஹோஸை மூடச் சொன்னேன். பெராக்சைடு, நுரை, மருந்துக்கூழ், நகப்பாலீஷ் எல்லாம் வரிசையாகச் சொன்னேன். குச்சி ஊன்றிக் காலி மூட்டையைக் குல்லாவாகக் கட்டச் சொன்னேன். இதுவரைக்கும் எந்தத் தோட்டக்காரியும் சொல்வாள். அடுத்ததுதான் கோணல்.

"வேற கம்பெனி மூட்டையா பாத்துக் கட்டு. உள்பக்கத்தை வெளிய திருப்பிக்க. சேர்மன் வூட்ல வர்ற அன்னைக்கு மட்டும் முடிச்சை லூசா விடு. தூக்கிப் பாப்பாங்க. நம்மளுது கடையில கிடைக்கலைன்னு சொல்லு."

  ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்.

"இங்க எல்லாக் கடையிலயும் இப்ப நம்ம மூட்டைதானேக்கா இருக்கு. வேற கம்பெனி மூட்டைக்கு நான் எங்க போவேன்?"

அதற்குக் காரணம் யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. மறுநாள் எங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் போட்டிக் கம்பெனியின் காலி மூட்டைகளைக் கேட்டு வாங்கினேன். கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து மடித்தேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்சல் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது. என் ஆர்டரில் எழுதியிருந்த வேலையை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் செய்திருக்கிறேன்.